வீட்டில் பதிவு செய்த பாட்டுக்கு மாஸ்டரிங்: முழுமையான வழிகாட்டி

படுக்கையறையில் பாடிப் பதிந்த பாட்டு ஹெட்ஃபோனில் நன்றாகத்தான் இருக்கிறது. அதையே ஃபோனில் ஏற்றி, ஒரு சினிமாப் பாட்டுக்கு அடுத்ததாக ஓடவிட்டால் சத்தம் சட்டென்று இறங்கிவிடும். வால்யூமைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும், குரல் தூரத்திலேயே நிற்கும். வீட்டில் பாட்டுப் பதிகிற எல்லோரும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்து சேர்கிறோம். கலந்து முடித்த பாட்டின் ஒலியையும் சத்தத்தையும் வெளியிடுவதற்கு முன் கடைசியாகச் சீர்செய்யும் மாஸ்டரிங் தேவைப்படுவது இங்கேதான்.

எனக்கு அது ஒரு நான்கு நிமிடப் பாட்டில் நடந்தது. ஒரு குரல், ஒரு அகூஸ்டிக் கிதார், ஒரு மிருதங்கம், பின்னால் தம்புரா. அவ்வளவுதான். பதிவு மென்பொருளுக்குள் லிமிட்டர் ப்ளக்இன்னை (உச்சங்களை அமுக்கி, மொத்தச் சத்தத்தை ஏற்ற உதவும் கருவி) போட்டு, போதும் என்று தோன்றும்வரை ஏற்றினேன். சத்தம் வந்தது. மிருதங்கம் வாசித்த அண்ணனுக்கு அனுப்பிவைத்தேன். கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். "எல்லாம் இருக்கு தம்பி, என் தொப்பியத்தான் காணோம்" என்றார். தொப்பி என்பது மிருதங்கத்தின் இடது பக்கம். வழுக்கி மேலே ஏறும் கும்கி என்ற ஒலி எழும்பி வருவது அங்கிருந்துதான். மறுபடி உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு தொப்பி அடிக்கும் குரல் ஒரு கணம் உள்ளே போய்த் திரும்பியது. அடியோ பலகையைத் தட்டியது மாதிரி வறண்டு கேட்டது. அந்தப் பாட்டை முதலிலிருந்து எடுத்துச் சரிசெய்தபோது கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

கூரையும் சராசரியும்

டிஜிட்டல் ஒலிக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது. அதை 0 டெசிபல் என்று வைத்திருக்கிறார்கள். கீழே இருப்பதெல்லாம் −3, −10 என்று கழித்தல் குறியோடு வரும். கூரையைத் தாண்டி ஏற்றினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பாட்டில் ஒரே ஓர் அடி கூரையை முட்டிக்கொண்டிருந்தாலும் மொத்தப் பாட்டையும் அதற்கு மேல் ஏற்ற வழியில்லை. வேனில் சாமான் ஏற்றும்போது ஒரே ஒரு நீளக் கம்பு துருத்திக்கொண்டு நின்றால் கதவு சாத்தாது இல்லையா, உள்ளே பாதி இடம் காலியாகக் கிடந்தாலும்? அதே கதைதான்.

இப்படித் துருத்தும் உச்சத்துக்கு பீக் என்று பெயர். காது சத்தத்தை உணர்வது பீக்கை வைத்து இல்லை. கொஞ்ச நேரம் நீடித்து ஒலிக்கும் சராசரியை வைத்துத்தான். அந்தச் சராசரியை அளக்கும் அலகு எல்யுஎஃப்எஸ். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் பிஎஸ்.1770 என்ற தரத்தை வெளியிட்டது. இன்று நாம் பயன்படுத்தும் லவுட்னஸ் மீட்டர்கள் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்கு, நம் காதைப் போலவே, அடிமட்ட பாஸைக் குறைவாக எண்ணுகிறது. மேல் மிட்டுக்கும் ட்ரெபிளுக்கும் சற்றுக் கூடுதல் மதிப்புத் தருகிறது. ஆக, தேவையில்லாத பாஸ் கூரைக்குக் கீழே இடத்தை அடைத்துக்கொள்ளும், சத்தமாகக் கேட்பதற்கோ அதிகம் உதவாது. வீட்டுப் பதிவுகள் சத்தமாக வராமல் போவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான்.

என் பாட்டின் கணக்கைச் சொல்கிறேன். முதல் மிக்ஸ் (எல்லா ட்ராக்குகளையும் கலந்தது) −21 எல்யுஎஃப்எஸ், பீக் −4 டெசிபல். அதை −12-க்குக் கொண்டுவர 9 டெசிபல் ஏற்ற வேண்டும். ஏற்றினால் பீக் +5-க்குப் போய்விடும். கூரையை −1-ல் வைத்திருந்ததால் லிமிட்டர் 6 டெசிபலை அமுக்கியாக வேண்டியிருந்தது. அது பெரும்பாலும் தொப்பி அடிகள் மேல்தான் விழுந்தது.

மிக்ஸை மறுபடி திறங்கள்

மாஸ்டரிங் வழிகாட்டியில் மிக்ஸுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஸ்டூடியோக்களில் மாஸ்டரிங் செய்பவர் கைக்கு முடிந்துபோன மிக்ஸ்தான் வரும். அவர் அதற்குள் போக முடியாது. நமக்கு அந்தத் தடை இல்லை. பாடியதும் நாம்தான், கலந்ததும் நாம்தான். இதை விட்டுவிட்டு, முடிந்த மிக்ஸின் மேல் ஏழெட்டு ப்ளக்இன்களை அடுக்குவது வீண் வேலை.

ஒவ்வொரு ட்ராக்காகத் தனியே கேட்டு, அதற்குத் தேவையில்லாத அடிப்பகுதியை ஹை பாஸ் ஃபில்ட்டரால் (ஓர் அளவுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டுவது) எடுத்துவிடுங்கள். ஆண் குரலில் 70–80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாட்டு எதுவும் இருக்காது. மைக் ஸ்டாண்டின் அதிர்வும் தெருவில் போகிற லாரியும்தான் இருக்கும். பெண் குரலில் இன்னும் மேலே, 100–120 வரைகூடப் போகலாம். மிருதங்கமோ பாஸோ இருக்கும் பாட்டில் கிதாரை 100 ஹெர்ட்ஸில் வெட்டினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். கிதார் தனியாக ஒலிக்கும் முன்னிசையில் மட்டும் அந்த வெட்டு மெலிசாகத் தெரியும். அங்கே கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

அடுத்தது 'ப'கரம். "பாடு", "பனி" போன்ற சொல் வரும்போது உதட்டிலிருந்து வரும் காற்று மைக்கில் மோதி ஒரு 'தொம்' எழும்பும். ஹெட்ஃபோனில் பெரிதாகத் தெரியாது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த எழுத்தில் மட்டும் ஒரு பெரிய மேடு இருக்கும். ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, அந்தத் துண்டுக்கு மட்டும் ஹை பாஸை 150 வரை ஏற்றுங்கள், அல்லது லெவலைக் குறையுங்கள். என் பாட்டில் இப்படிப் பதினோரு இடம் இருந்தது. அரை மணி நேர வேலை.

அப்புறம் மிருதங்கம். தொப்பியின் ஒலியில் பெரும்பகுதி என் பதிவில் 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்தது. எல்லா அடியும் ஒரே அளவில் இல்லை. தீர்மானத்துக்குப் (தாளத்தை முடித்துவைக்கும் சொற்கட்டு) போகும் இடங்களில் அண்ணன் உற்சாகமாகி ஓங்கி அடித்திருந்தார். மொத்த மிருதங்கத்தையும் குறைத்தால் வலது பக்கமான வலந்தலையின் 'நம்'மும் 'தீம்'மும் சேர்ந்து மங்கிவிடும். அதனால் டைனமிக் ஈக்யூ (ஈக்யூ என்பது ஒலியின் ஒரு பகுதியை மட்டும் ஏற்றி இறக்கும் கருவி) ஒன்றைப் போட்டு, 100 ஹெர்ட்ஸ் பகுதி ஓர் அளவைத் தாண்டும்போது மட்டும் 3 டெசிபல் இறங்குகிற மாதிரி வைத்தேன். டிடிஆர் நோவா இதற்குப் போதும், அதன் இலவசப் பதிப்பே நன்றாக வேலை செய்யும். மிச்சமிருந்த ஏழெட்டு ஓங்கிய அடிகளைக் கையாலேயே வெட்டி 2 டெசிபல் இறக்கினேன். கும்கி முழுசாகத் தப்பித்தது, அது வழுக்கி மேலே ஏறுவது இன்னும் தெளிவாகவே கேட்டது. உங்கள் பாட்டில் மிருதங்கத்துக்குப் பதில் கிக் டிரம்மோ தவிலோ கீபோர்டு பாஸோ இருக்கலாம். வழி ஒன்றேதான்: துருத்தும் அடியை அதன் ட்ராக்கிலேயே அடக்கிவிடுங்கள். மாஸ்டரில் அடக்கினால் குரலும் சேர்ந்து அமுங்கும்.

இரைச்சலையும் இங்கேயே தீர்க்க வேண்டும். லிமிட்டர் 9 டெசிபல் ஏற்றினால், பின்னால் ஓடிய மின்விசிறியும் 9 டெசிபல் ஏறும். பாடாத இடங்களில் குரல் ட்ராக்கை வெட்டி ஃபேடு கொடுங்கள். ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அதோடு வரும் ரீஃபிர் என்ற ப்ளக்இன்னில், வெறும் இரைச்சலை ஒரு நொடி கேட்கவைத்துப் பிறகு அதைக் கழிக்கிற வசதி உண்டு. கொஞ்சமாகப் பயன்படுத்தினால் குரல் கெடாது. கிதாரை பிக்கப் வழியாக எடுத்திருந்தால் நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வந்திருக்கும், அதன் மடங்குகளான 100, 150-லும் சேர்ந்து. கிதார் ட்ராக்கில் மட்டும் அந்த இடங்களைக் குறுகலாக வெட்டுங்கள். மொத்த மிக்ஸில் வெட்டினால் 100-ல் தொப்பியும் போய்விடும்.

தம்புராவையும் ரிவர்ப்பையும் நீங்கள் விரும்புவதைவிட ஒரு டெசிபல் குறைவாக வையுங்கள். லிமிட்டர் உச்சங்களை அமுக்கும்போது, அடியில் நீடித்து ஒலிப்பதெல்லாம் தானாக மேலே வரும். இது தெரியாமல் வைத்தால் மாஸ்டரில் தம்புரா குரலோடு போட்டி போடும்.

இவ்வளவும் செய்த பிறகு அளந்தேன். சத்தம் அதே −21, பீக் மட்டும் −8-க்கு இறங்கியிருந்தது. இப்போது 9 டெசிபல் ஏற்றினால் பீக் +1. லிமிட்டருக்கு மிச்சம் இருப்பது 2 டெசிபல் வேலைதான். ஆறு எங்கே, இரண்டு எங்கே!

மிக்ஸை ஏற்றுமதி செய்யும்போது மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா ட்ராக்கும் வந்து சேரும் இடம்) லிமிட்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள். பீக் −6-க்கு அக்கம்பக்கம் இருந்தால் வசதி. 24 பிட் வேவ் கோப்பு, பதிந்த அதே சாம்பிள் ரேட்டில். எம்பி3-யாக எடுத்து அதன் மேல் மாஸ்டரிங் செய்யவே செய்யாதீர்கள்.

ஒரு நாள் விட்டு, புதுக் காதோடு

மிக்ஸ் முடித்த அன்றே மாஸ்டரிங்குக்கு உட்கார வேண்டாம். மூன்று மணி நேரம் ஒரே பாட்டைக் கேட்ட காது ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே போகும், அதற்கே தெரியாமல். ஒரு ராத்திரியாவது தூங்கி எழுந்து வாருங்கள்.

புது ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து, மிக்ஸ் கோப்பை ஒரு ட்ராக்கில் போடுங்கள். இரண்டாவது ட்ராக்கில் ஒப்பிட்டுக் கேட்க ஒரு பாட்டு. உங்கள் பாட்டின் வகையிலேயே, அதே மாதிரி வாத்தியங்களோடு, பல இடங்களில் கேட்டுப் பழகிய வெளியீடாக இருக்கட்டும். குரலும் கிதாரும் உள்ள பாட்டுக்குக் குத்துப் பாட்டை எடுத்து ஒப்பிட்டால் திசை தவறிவிடும். அந்த ட்ராக் உங்கள் மாஸ்டரிங் ப்ளக்இன்கள் வழியாகப் போகாமல் நேரே வெளியே போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்.

இப்போது இந்த வேலையில் மிக முக்கியமான பழக்கத்துக்கு வருகிறேன். ஒப்பிடும் பாட்டின் சத்தத்தை, உங்கள் மிக்ஸின் அளவுக்குக் குறைத்து வையுங்கள். அது −9 எல்யுஎஃப்எஸ், உங்களுடையது −21 என்றால் அதன் ஃபேடரை 12 டெசிபல் இறக்குங்கள். ஏன் என்றால், கொஞ்சம் சத்தமாகக் கேட்பது எதுவானாலும் காதுக்கு அது நன்றாக இருப்பதாகவே தோன்றும். பெல் லேப்ஸில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-ல் வெளியிட்ட வளைகோடுகள் இதற்கான காரணத்தைக் காட்டின: சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பாஸை மிகக் குறைவாகக் கேட்கிறது, சத்தம் கூடக்கூட அது நிறைந்து வருகிறது. ஒரு ப்ளக்இன்னைப் போட்டதும் "ஆகா" என்று தோன்றினால், அது வெறுமனே 1 டெசிபல் ஏற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு ப்ளக்இன்னின் அவுட்புட்டையும் போட்டாலும் எடுத்தாலும் ஒரே சத்தம் வருகிற மாதிரி சரிசெய்து, பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். பாதி ப்ளக்இன்கள் அந்தச் சோதனையில் தோற்றுவிடும். எடுத்துப் போட்டுவிடுங்கள்.

ஸ்பீக்கர் வால்யூமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிகிற அளவு போதும். நான் குமிழின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

அறை பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளின் சிமென்ட் சுவரும் மொசைக் தரையும் பாஸை மூலையில் குவித்துவிடும். ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பின்னால் ஒரு பஞ்சு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். இரும்பு பீரோ இருந்தால் அதன் கதவு எந்த ஸ்வரத்துக்கு அதிர்கிறது என்று கண்டுபிடித்து, காகிதம் மடித்துச் செருகுங்கள். பாட்டில் அதிர்வு இருக்கிறது என்று நினைத்து ஈக்யூவில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்; அதிர்ந்தது பீரோ. பாஸைப் பற்றிய முடிவுகளை மட்டும் காதை மூடும் நல்ல ஹெட்ஃபோனில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஈக்யூ: அரை டெசிபல் கணக்கு

பாட்டில் மிகச் சத்தமான இடத்தை, கடைசியாகப் பல்லவி திரும்ப வரும் முப்பது நொடியை, லூப்பில் போடுங்கள். உங்கள் பாட்டுக்கும் ஒப்பிடும் பாட்டுக்கும் மாறி மாறித் தாவுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கேள்வி: எது கூட, எது குறைச்சல்?

மாஸ்டரிங்கில் ஈக்யூ அகலமாகவும் சிறிதாகவும் இருக்க வேண்டும். அரை டெசிபலிலிருந்து ஒன்றரை வரை. 3 டெசிபல் தேவைப்படுகிறது என்றால் கோளாறு மிக்ஸில் இருக்கிறது, அங்கே போய்ச் சரிசெய்யுங்கள். 25–30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு ஹை பாஸ். 200 முதல் 400 வரை சாதாரணமாக வீட்டுப் பதிவுகளில் கலங்கலாக இருக்கும். மைக்குக்கு மிக நெருங்கிப் பாடியதும் சின்ன அறையும் சேர்ந்து செய்கிற வேலை அது. அங்கே ஒரு டெசிபல் எடுத்தாலே ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கும். 2.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை காதுக்கு மிகக் கூர்மையான பகுதி. குரல் பின்னால் நின்றால் இங்கே அரை டெசிபல் ஏற்றுங்கள், குத்தினால் இறக்குங்கள். 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றும் ஒரு ஷெல்ஃப் மெல்லிய காற்றோட்டம் தரும், ஆனால் 'ச', 'ஸ' சீறினால் அதைத் தொடாதீர்கள்.

வாக்ஸெங்கோ ஸ்பேன் போன்ற ஸ்பெக்ட்ரம் ப்ளக்இன் இலவசம். காதுக்குக் கேட்டதை உறுதிசெய்ய அதைப் பாருங்கள். கோடு அழகாக இருக்க வேண்டும் என்று வளைக்க ஆரம்பித்தால் பாட்டு போய்விடும்.

கம்ப்ரஸ்ஸரும் சாச்சுரேஷனும்

ஓர் அளவைத் தாண்டும் சத்தத்தைக் குறைக்கும் கம்ப்ரஸ்ஸர், வாத்தியங்களை ஒட்டவைக்கும் பசை இங்கே. ரேஷியோ (குறைக்கும் விகிதம்) 1.5 அல்லது 2, அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 30 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விட்டுவிட எடுக்கும் நேரம்) 150 அளவில், முள் ஒன்று இரண்டு டெசிபலுக்கு மேல் ஆடக் கூடாது. அட்டாக்கை மிக வேகமாக வைத்தால் வலந்தலை அடியின் முனை மழுங்கும். கிதார் மீட்டின் கிள்ளலும் அப்படித்தான். சைட்செயினில் (கம்ப்ரஸ்ஸர் அளந்து பார்க்கும் ஒலியில்) 100 ஹெர்ட்ஸ் ஹை பாஸ் போட்டால் பாஸ் அடி ஒவ்வொன்றுக்கும் மொத்தப் பாட்டும் குனியாது. டிடிஆர் கோட்டெல்னிகாவ் நல்ல இலவசத் தேர்வு. போட்டும் எடுத்தும் கேட்டு வித்தியாசம் தெரியவில்லை என்றால் கம்ப்ரஸ்ஸரே வேண்டாம். என் பாட்டில் கடைசியில் நான் எடுத்துவிட்டேன்.

சாச்சுரேஷன் வேறு விஷயம். அது ஒலிக்கு மேல்மடங்குகளைச் சேர்க்கும். 100 ஹெர்ட்ஸ் தொப்பி ஒலியோடு 200, 300, 400-ம் லேசாகச் சேரும். ஃபோன் ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனால் மேல்மடங்குகள் கேட்டால், இல்லாத அடி ஒலியை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். சின்ன ஸ்பீக்கரில் தாளம் கேட்க வேண்டும் என்றால், பாஸை ஏற்றுவதைவிட இது பத்து மடங்கு நல்ல வழி. டேப் மாதிரியான ஏதாவது ஒரு சாச்சுரேஷன் ப்ளக்இன், கேட்டால் தெரியத் தொடங்கும் அளவுக்கு ஏற்றி, பிறகு அதில் பாதிக்கு இறக்கி வையுங்கள்.

ஸ்டீரியோவை அகலமாக்கும் ப்ளக்இன்கள் வேண்டாம் என்பது என் கருத்து. ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் நிறைய மோனோ. அகலமாக்கிய கிதார் அங்கே பாதி கரைந்துபோகும். மாஸ்டரை மோனோவில் ஒரு தடவை கேட்டு, எதுவும் காணாமல் போகவில்லை என்று பார்த்துக்கொண்டால் போதும்.

லிமிட்டர்

மாஸ்டரிங் என்ற வேலையே இசைத்தட்டுக் காலத்தில் பிறந்தது. பாஸ் அதிகமானால் தட்டின் பள்ளம் அகலமாகி இடத்தைத் தின்னும், ஊசியும் துள்ளும். அதனால் தட்டில் வெட்டுவதற்கு முன் ஒருவர் உட்கார்ந்து ஒலியைச் சீர்செய்வார். சிடி வந்ததும் அந்தத் தடை போய்விட்டது. 1994-ல் வேவ்ஸ் நிறுவனம் எல்1 என்ற லிமிட்டர் ப்ளக்இன்னைக் கொண்டுவந்தது. வரப்போகும் உச்சத்தை முன்கூட்டியே பார்த்து அமுக்கும் வித்தை அதில் இருந்தது. அதன் பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். அந்தக் கருவியின் வாரிசுகள்தான் இன்று இலவசமாகவே நம் கையில் இருக்கின்றன. லவுட்மேக்ஸ் எளிமையானது, ரீப்பரில் ரீலிமிட் கூடவே வருகிறது.

சீலிங்கை, அதாவது கூரையை, −1 டெசிபலில் வையுங்கள், ட்ரூ பீக் வசதி இருந்தால் போடுங்கள். கோப்பில் இரண்டு சாம்பிள்களுக்கு இடையே அலை இன்னும் உயரமாக எழும்பலாம். எம்பி3 போன்ற வடிவத்துக்கு மாற்றும்போதும் உச்சம் கொஞ்சம் ஏறும். அந்த ஒரு டெசிபல் இடைவெளி அதற்காகத்தான்.

லூப்பில் அதே சத்தமான இடம் ஓடட்டும். த்ரெஷோல்டை, அதாவது லிமிட்டர் அமுக்கத் தொடங்கும் அளவை, மெல்ல இறக்குங்கள். லிமிட்டர் எப்போதாவது 1 டெசிபல், பிறகு 2, பிறகு 3 என்று அமுக்க ஆரம்பிக்கும். எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றே 8 டெசிபல் வரை ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். அடிகள் தட்டையாகும். குரல் அடிக்கு அடி உள்ளே போய் வரும். ரிவர்ப் வெளியே வந்து மூச்சு விடும். அந்தக் கெட்ட ஒலி எப்படி இருக்கும் என்று காது பழகிய பிறகு திரும்ப ஏற்றிக்கொண்டே வாருங்கள். கெட்ட குணம் மறையும் இடத்திலிருந்து இன்னும் ஒரு டெசிபல் பின்வாங்கினால் அதுதான் உங்கள் பாட்டின் எல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் அது வேறு. உச்சத்தில் 2–3 டெசிபல் அமுக்கம் இருந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

இன்னும் கொஞ்சம் சத்தம் வேண்டும் என்றால் ஒரே லிமிட்டரை அழுத்தாமல் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். முதலில் ஒரு க்ளிப்பர், அடிகளின் கூர்முனையை மட்டும் 1 டெசிபல் சீவ. அடுத்து லிமிட்டர் 2 டெசிபல். தாள வாத்தியங்களின் முனை சில மில்லிசெகண்டுதான் இருக்கும், அதைச் சீவுவது கேட்காது. நீண்டு இழுக்கும் குரலில் க்ளிப்பர் பட்டால் உடனே கரகரக்கும். அதனால் கார்வை வரும் இடங்களில் கவனமாகக் கேளுங்கள்.

சத்தமான இடம் சரியானதும் பாட்டின் தொடக்கத்துக்குப் போங்கள். முன்னிசையும் முதல் வரியும் மிகச் சின்னதாக இருந்தால், லிமிட்டருக்கு முன்னால் வால்யூம் ஆட்டோமேஷனில் அந்தப் பகுதியை ஒரு டெசிபல் ஏற்றுங்கள். அனுபல்லவியிலிருந்து பல்லவிக்கு வரும்போது எழும்பும் அந்த உயர்வு அழிந்துவிடக் கூடாது, ஆகையால் ஒரு டெசிபலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சத்தம் போதும்

ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் பாட்டுகளை −14 எல்யுஎஃப்எஸ் அளவுக்குச் சமப்படுத்தி ஓட்டுகிறது. யூடியூபும் அதே அளவை ஒட்டிச் சத்தமானவற்றைக் குறைக்கிறது. சின்னதாக இருப்பதை ஏற்றுவதில்லை. ஆப்பிள் மியூசிக்கின் சவுண்ட் செக் −16. அதாவது −8-க்கு நசுக்கி அனுப்பினாலும் ஸ்பாட்டிஃபையில் 6 டெசிபல் குறைத்துத்தான் ஓடும். நசுங்கியது மட்டும் அப்படியே இருக்கும்.

அதற்காக −14-லேயே நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நம் பாட்டுகள் வாட்ஸ்அப்பில் போகின்றன, ஆட்டோவின் பென் டிரைவில் ஓடுகின்றன, கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரில் வேறு பாட்டுகளுக்கு நடுவே வருகின்றன. அங்கெல்லாம் யாரும் சமப்படுத்துவதில்லை. குரலும் சில வாத்தியங்களும் உள்ள பாட்டு −14 முதல் −12 வரை, டிரம்ஸும் பாஸும் நிறைந்த பாட்டு −11 முதல் −9 வரை. இது என் அனுபவத்தில் பொருந்திவரும் கணக்கு. பாட்டு −13-லேயே திணறினால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஸ்பாட்டிஃபைக்கு −14-ஐவிடச் சத்தமாக அனுப்பினால் ட்ரூ பீக் −2-க்குக் கீழே இருக்கட்டும் என்று அவர்களே பரிந்துரைக்கிறார்கள். அதற்கென்று சீலிங்கை மாற்றித் தனியாக ஒரு கோப்பு எடுத்துக்கொள்ளலாம்.

யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பைச் சங்கிலியின் கடைசியில் போட்டு, பாட்டு முழுவதையும் ஓட்டி, இன்டிகிரேட்டட் என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு பகுதியை மட்டும் ஓட்டினால் அந்த எண் பொய் சொல்லும்.

கோப்பை எடுப்பதும் கேட்டுப் பார்ப்பதும்

தம்புரா அடங்கும் ஃபேடு அவுட் லிமிட்டருக்குப் பிறகு வரட்டும். முன்னால் அரை நொடி மௌனம் விடுங்கள். பாட்டை வெளியிடும் நிறுவனம் கேட்கும் வடிவத்தைப் பார்த்து 24 பிட் அல்லது 16 பிட் வேவ்; 16-க்கு இறக்கினால் மட்டும் டித்தர் (பிட் குறைவதால் வரும் கரகரப்பை மறைக்கும் மிக மெல்லிய இரைச்சல்) போடுங்கள், அதுவும் ஒரே ஒரு தடவை, கடைசியில்.

பிறகு வீட்டை விட்டு வெளியே போங்கள். ஃபோன் ஸ்பீக்கரில், கயிறு இயர்ஃபோனில், நண்பர் காரில், சமையலறையில் குக்கர் விசிலடிக்கும்போது. கேட்டதை அப்போதே எழுதி வையுங்கள்: "கார்: பாஸ் கூட", "ஃபோன்: இரண்டாம் சரணத்தில் வார்த்தை புரியவில்லை". ஓரிடத்தில் மட்டும் வரும் குறை அந்த ஸ்பீக்கரின் குணமாக இருக்கலாம். மூன்று இடத்தில் வந்தால் அது பாட்டில் இருக்கிறது. திரும்பி வந்து அரை டெசிபல் மாற்றுங்கள். எனக்கு இப்படி நான்கு சுற்று ஆனது. வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பிக் கேட்கச் சொன்னால் டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்போதுதான் கோப்பு மாறாமல் போகும்.

நான்காவது சுற்றில் வந்த கோப்பை அப்படித்தான் அண்ணனுக்கு அனுப்பினேன். −12.3 எல்யுஎஃப்எஸ், லிமிட்டரில் இரண்டு டெசிபல். சாயங்காலம் கூப்பிட்டார். "கும்கி நல்லா எந்திரிச்சு வருது தம்பி. ரெண்டாவது சரணத்துல உன் குரலத்தான் கொஞ்சம் முன்னாடி வைக்கணும்" என்றார். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு மிக்ஸைத் திறந்து, அந்தச் சரணத்தில் மட்டும் குரலை முக்கால் டெசிபல் ஏற்றினேன்.